இவரோடு ஒன்பது நாள், கிரவல் பாதையில்

ஆகஸ்ட் 2, சனி
டிஜோன்

இந்தக் கொப்பியை ஆரணி வாங்கித் தந்தாள். "அம்மா, போனில படமா எடுத்துத் தள்ளாதேங்கோ. ஒவ்வொரு நாளும் இருந்து எழுதுங்கோ. பேந்து நான் வாசிக்கிறன்" என்றாள். மகள் வாசிக்கப் போகிறாள் என்று தெரிந்தால் எதைத்தான் எழுதுவது? ஆகவே கொடுப்பதாக இல்லை.

முதல் பக்கம் என்பதால் பிரெஞ்சுக்காரரின் படிவம் நிரப்புவது போலவே தொடங்குகிறேன். பெயர்: சுகிர்தா யோகராசா. வயது: 49. தொழில்: பாரிசில் ஒரு பள்ளிக்கூடக் கன்டீனில் சமையல், முந்நூற்றிருபது பிள்ளைகள். கணவர்: யோகராசா, 54, ரெஸ்டோரண்ட் குசினி. பிள்ளை: ஒன்று, துலூசில் வேலை. பயணத்தின் நோக்கம்: தெரியாது.

உண்மையாகவே தெரியாது. ஆனி மாதம் ஒருநாள் இவர் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு துண்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார். "ஆகஸ்டில லீவு. சைக்கிளில போவம். டிஜோனில இருந்து மக்கோன் வரை, திராட்சைத் தோட்டங்களுக்குள்ளால." நாங்கள் துண்டில்தான் கதைப்பது. நான் விடிய ஐந்தரைக்கு வெளிக்கிடும்போது இவர் நித்திரை. இவர் வேலை முடிந்து வரும்போது நான் நித்திரை. இவருக்கு லீவு திங்கட்கிழமை, எனக்கு ஞாயிற்றுக்கிழமை. இருபத்திரண்டு வருசம் இப்படித்தான்.

கூட வேலை செய்கிற ஒருவர் விற்ற இரண்டு கிரவல் சைக்கிளை இவர் வாங்கி வந்தார். பந்தயச் சைக்கிள் மாதிரி வளைந்த ஹாண்டில், ஆனால் ரயர் தடிப்பு. கல்லு, மண், சரளை எல்லாத்திலும் ஓடலாம். பழகியதும் தனித்தனிதான். ஒரே வாய்க்கால் கரை, இவர் திங்களில், நான் ஞாயிறில்.

இன்றைக்கு மூன்று மணித்தியாலம் ரெயிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். சீமெந்து மூட்டை இரண்டை அடுக்கியது போல. இவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் இவருடைய காதைப் பார்த்தேன். காதில் மயிர் முளைத்திருக்கிறது.

கைப்பைக்குள் துலூஸ் கடிதம் இருக்கிறது. பத்தாம் திகதிக்குள் பதில் அனுப்ப வேண்டும். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
நுயி-சென்-ஜோர்ஜ்

இருபத்தெட்டு கிலோமீற்றர்! நான்! பஞ்சு வைத்துத் தைத்த காற்சட்டை போட்டுக்கொண்டு!

டிஜோன் நகரம் முடிந்ததும் தார் ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினோம். வெள்ளைக் கல்லுப் பாதை. இரண்டு பக்கமும் திராட்சை, நிரை நிரையாய், சீப்பால் வாரிவிட்டது போல. எங்கள் ஊரில் திராட்சை என்றால் தலைக்கு மேல் பந்தல். இங்கே என் இடுப்பளவுதான். "இவ்வளவு கட்டைச் செடியிலயோ இவ்வளவு பெரிய பேர்?" என்று கேட்டேன்.

இவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு குலைக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். பச்சைக் காய்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் ஊதா நிறத்துக்கு மாறியிருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இருபத்தாறு வருசமா இதின்ர வைனை ஊத்தி ஊத்திச் சமைக்கிறன் அப்பா. காயை இண்டைக்குத்தான் காணுறன்."

அதைச் சொன்னபோது இவருடைய முகம் எனக்குத் தெரியாத ஒருவருடையது போல இருந்தது. நல்ல மனிசன் போல.

பின்னேரம் ஒரு விபத்து. இங்கே உழவு இயந்திரங்களுக்குக் கால் நீளம். ஒரு முழு நிரையைத் தன் கால்களுக்கு நடுவில் விட்டுக்கொண்டு மேலால் நடந்து வரும். அப்படியொன்று வளைவில் திடீரென்று எதிரே வர, நான் பிரேக்கைப் பிடிக்காமல் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். சைக்கிள் தானாகவே திராட்சைக்குள் போய்விட்டது. உயரத்தில் இருந்த ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு, "பரவாயில்லையா மதாம்?" என்றார். நான் இலைகளுக்குள் கிடந்துகொண்டு, "செடிக்கு ஒன்றும் ஆகவில்லை முசியே" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் இவரும் சேர்ந்துகொண்டார். இவர் சத்தமாய்ச் சிரித்து நான் கேட்டது எப்போது?

ஆகஸ்ட் 4, திங்கள்
போன் நகரம்

முப்பத்திரண்டு கிலோமீற்றர், பாதி ஏற்றம். இருக்க முடியவில்லை, நின்றுகொண்டு எழுதுகிறேன். துலூஸ் விசயம் சொல்லவில்லை. ஏற்றத்தில் சொல்ல மூச்சு இல்லை, இறக்கத்தில் சொல்ல ஆள் பக்கத்தில் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
சாந்தனே

காலையில் ஒரு நிலவறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். வெளியே முப்பத்திநாலு பாகை, உள்ளே குளிர்பெட்டி. வெள்ளை வைன் கொஞ்சம் தந்தார்கள். என் வாழ்க்கையில் முதல் வாய். மூக்கைக் கிளாசுக்குள் விட்டு மணந்து பார்க்கச் சொன்னார்கள், மணந்தேன். வெண்ணெயும் தேசிக்காயும் என்றேன். அந்த வீட்டுக்காரி, "சரியாகச் சொன்னீர்கள்" என்று இவரிடம் சொல்ல, இவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஏதோ தான் பெற்ற பிள்ளை பரிசு வாங்கியது போல. அதன் பிறகு ஒரு கிலோமீற்றர் மிகவும் நன்றாய் ஓடினேன். இரண்டாவது கிலோமீற்றரில் பாதை கொஞ்சம் அகலம் காணாமல் இருந்தது.

மத்தியானம் கல்லாலே கட்டின சின்னக் கொட்டில் ஒன்றின் நிழலில் இருந்து பாணும் சீஸும் சாப்பிட்டோம். பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுழித்ததைக் கண்டுவிட்டேன்.

"என்ன, சீனி காணாதோ?"

"நான் சீனியை விட்டு நாலு வருசம் அப்பா."

"அப்ப நான் ஒவ்வொரு நாளும் பிளாஸ்கில போட்டு வைச்சிட்டுப் போற தேத்தண்ணி?"

"குடிக்கிறனான்."

"ரெண்டு கரண்டி சீனியோடயோ? ஏன் சொல்லேல்ல?"

"நீர் விடிய எழும்பிப் போட்டு வைக்கிறீர். அதில என்னத்தைச் சொல்லுறது?"

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று விளங்கவில்லை. நாலு வருசம் பிடிக்காததைக் குடித்திருக்கிறார், நாலு வருசம் எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது கோபம் வரக்கூடிய விசயம்?

சாந்தனேக்கு மேலே ஒரு ஏற்றம். கல்லு உருண்டு உருண்டு சறுக்கியதால் இரண்டு பேரும் இறங்கித் தள்ளினோம். அங்கே வைத்துச் சொல்லிவிட்டேன்.

"நான் ஒக்டோபரில துலூசுக்குப் போறன்."

"ஓ, நல்லது. எத்தினை நாளைக்கு?"

"வேலைக்கு. ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில. ஆரணிதான் பார்த்துத் தந்தவள். அவளோடயே இருக்கலாம்."

இவர் தள்ளுவதை நிறுத்தினார்.

"எப்ப இருந்து இந்த யோசினை?"

"மாசியில இருந்து. ஆரணிக்கு உதவியா இருக்கும் எண்டுதான்."

"அவளுக்கு இருபத்திமூண்டு வயசு. அவளுக்கு என்ன உதவி?"

"சமையல், சாப்பாடு…"

"சமையல் கேட்டு அவள் எனக்கெல்லோ போன் எடுக்கிறவள்" என்றார். சத்தம் போடவில்லை. குனிந்து முன் சில்லில் இறுகியிருந்த கல்லொன்றைக் கிளப்பி எறிந்தார். பிறகு, "சரி" என்றார். உச்சிக்குப் போனதும் ஏறி உழக்கிக்கொண்டு போய்விட்டார்.

சொல்லி முடிந்தது. நிம்மதியாக இருக்கிறது. சாப்பிட மனமில்லை, அது வெயிலால்.

ஆகஸ்ட் 6, புதன்
ஜிவ்ரி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் இருந்து இரண்டு பேரும் கதைக்கவில்லை. இவர் முன்னால் போனார். இருபது மீற்றர், ஐம்பது மீற்றர், இருநூறு மீற்றர். பிறகு ஒரு தூசிப் படலம் மட்டும் தெரிந்தது. ஒரு காட்டுத் துண்டைத் தாண்டி வந்தபோது பாதை மூன்றாகப் பிரிந்தது. தூசியும் இல்லை, ஆளும் இல்லை. வரைபடம் இவரிடம். போனில் சிக்னல் கோடு ஒன்றும் இல்லை.

கூப்பிட்டுப் பார்த்தேன். "இஞ்சாருங்கோ!" பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. இஞ்சாருங்கோ என்றால் பிரான்சில் ஆர் திரும்பிப் பார்ப்பது? பிறகு, "யோகராசா!" என்று கத்தினேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருசத்தில் முதல் தடவை. ஒரு காகம் பறந்தது.

நடுப் பாதையைத் தெரிந்தெடுத்தேன். அது பிழையான பாதை. ஆனால் என்ன வடிவான பாதை! ஒரு குன்றைச் சுற்றிச் சுற்றி இறங்கி, ஒரு சின்ன ஆற்றைக் கல்லுப் பாலத்தால் கடந்து, சூரியகாந்தித் தோட்டத்துக்குள்ளால் போனது. பயந்துகொண்டுதான் போனேன். பத்து நிமிசம் பயந்தேன். பிறகு பயம் களைத்துப் போய்விட்டது போல.

பாலத்துக்கு அங்காலே பின் சில்லு காற்றுப் போனது. கூரான சிக்கிமுக்கிக் கல் ஒன்று ரயரைக் குத்தியிருந்தது. சுற்றிலும் ஒரு சீவன் இல்லை. இவர்தான் எப்போதும் இதெல்லாம் செய்வது என்று நினைத்தேன். பிறகு யோசித்தேன்: எப்போது செய்தவர்? வீட்டில் பல்ப் மாற்றுவது நான், குழாய் இறுக்குவது நான். முந்நூறு பேருக்கு உருளைக்கிழங்கு அவிக்கிற கிடாரத்தைக் கழற்றிப் பூட்டுகிற எனக்கு இது என்ன பெரிய வேலை?

சைக்கிளைத் தலைகீழாய் வைத்தேன். சில்லைக் கழற்றி, ரயரைக் கிளப்பி, ரியூப்பை ஆற்றுத் தண்ணிக்குள் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, காயவைத்து, ஒட்டினேன். முதல் ஒட்டு கழன்றுவிட்டது. இரண்டாவது பிடித்தது. காற்றடித்தேன். சில்லு கல்லு மாதிரி நின்றது. ஒருவரும் பார்க்கவில்லை, ஆகவே பாலத்தில் நின்று கொஞ்சம் ஆடினேன்.

ஜிவ்ரி என்று எழுதின பலகைகளைப் பார்த்துப் பார்த்து பதினெட்டு கிலோமீற்றர் தனியே ஓடினேன். பின்னேரம் நாலு மணி. ஊருக்குள் நுழைகிற சந்தியில், இவர் ரோட்டோரமாய் நிலத்தில் இருந்தார். முழங்கை வரைக்கும் செயின் கறுப்பு. என்னைத் தேடி அந்த மலையில் மூன்று தரம் ஏறி இறங்கியிருக்கிறார். கடைசித் தரம் செயின் அறுந்து, இரண்டு கிலோமீற்றர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்.

"எங்கயப்பா போனனீர்?"

"நான் போகேல்ல. நீங்கள்தான் விட்டிட்டுப் போனனீங்கள்."

"உம்மைத் துலைச்சுப் போட்டன் எண்டு…" என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. கண்ணுக்குள் தூசி விழுந்துவிட்டது என்றார். கிரவல் பாதையில் தூசிக்குக் குறைவில்லைத்தான்.

செயினைப் பூட்ட நான் பிடித்துக்கொடுத்தேன். கறுப்புக் கையோடேயே என் சில்லை அமுக்கிப் பார்த்து, "ஆர் ஒட்டினது?" என்றார். "நான்தான்" என்றேன். திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 7, வியாழன்
மோன்வெர்னே

இந்த ஊர் வழியில் இல்லை. நேரே தெற்கே போக வேண்டியவர்கள் மேற்கே திரும்பி, ஒரு மலையின் முதுகில் ஏறி இங்கே வந்து நிற்கிறோம். காலையிலேயே கேட்டேன். "ஒரு இடம் காட்ட வேணும்" என்று மட்டும் சொன்னார்.

இருநூற்றைம்பது பேர் இருக்கிற ஊர். ஒரு தேவாலயம், ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலு பக்கமும் திராட்சை. சதுக்கத்தில் நீல யன்னல் வைத்த ஒரு வீடு, பூட்டிக் கிடந்தது. இரண்டு வருசத்துக்கு முன்வரை ஊருக்கு இருந்த ஒரே ரெஸ்டோரண்ட். கட்டிடம் நகரசபைக்குச் சொந்தம். நடத்த ஆள் தேடுகிறார்கள். இவருடைய முதலாளிக்கு வைன் கொண்டுவருகிறவர் மூலம் இவருக்குத் தெரியவந்திருக்கிறது.

ஊரின் மேயர் வந்து கையைக் கொடுத்தார், பெயர் மதாம் ஓதில். அறுபது வயதிருக்கும், கட்டையாய் வெட்டின நரைமயிர், காலில் தோட்டச் சப்பாத்து. "நாளைக்கு உங்கள் முறை" என்றார் இவரிடம். மூன்று பேர் விண்ணப்பித்திருக்கிறார்களாம். ஒவ்வொருவரும் ஒரு மத்தியானம் ஊருக்குச் சமைத்துப் போட வேண்டும். பிறகு முடிவு. "இவர்தான் மதாம் சுகிர்தாவா?" என்று என் பக்கம் திரும்பினார்.

என் பெயர் மேயருக்கு எப்படித் தெரியும்?

அவர் போனதும் இவர் தன் பையில் இருந்து ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார். விண்ணப்பத்தின் பிரதி. சமையல் பொறுப்பு: யோகராசா, சுகிர்தா. இரண்டு பெயர். வைகாசி மாதத்துத் திகதி.

எனக்குத் தலைக்குள் சூடு ஏறியது. "என்னைக் கேக்காமல் என்ர பேரை எழுதினனீங்களோ?"

"ஓம். பிழைதான். இந்தப் பயணத்தில சொல்லுவம், இடத்தைக் கண்டாப் பிடிக்கும் எண்டு நினைச்சன்." கடதாசியை மடித்தார். "நான் கேக்காமல் உம்மட பேரை எழுதினன். நீர் கேக்காமல் என்ர பேரை விட்டிட்டீர்."

கைப்பைக்குள் கிடந்த துலூஸ் கடிதத்தை இன்னும் உள்ளே தள்ளினேன்.

பிறகு சொன்னேன்: "நாளைக்கு நீங்கள் சமையுங்கோ. நான் குசினிப் பக்கம் வரமாட்டன். மற்றச் சனத்தைப் போல கதிரையில இருந்து சாப்பிடுவன்."

"சரி" என்றார். இவருக்கு அந்தச் சொல் ஒன்றுதான் தெரியும் போல.

ஆகஸ்ட் 8, வெள்ளி
மோன்வெர்னே

கை வலிக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

நாற்பது பேர் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இவர் நாற்பத்தைந்து கோழிக்கால் எடுப்பித்திருந்தார், கடுகும் வெள்ளை வைனும் விட்டுச் செய்ய. முதலில் மாத்தட்டில் தக்காளி வைத்துச் சுடுகிற தார்த், கடைசியில் பீச் பழம். ஊர் மண்டபத்துக் குசினியில் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிட்டார். நான் வெளியே மரத்துக்குக் கீழே கதிரையில் இருந்து, பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றைத் தலைகீழாய்ப் பிடிக்காத குறையாக வாசித்தேன்.

பதினொன்றரைக்குச் சனம் வரத் தொடங்கியது. முன்னம் சமைத்த இரண்டு பேரும் சுமார்தான், இன்றைக்குப் பாரிசில் இருந்து வந்த ஆள் சமைக்கிறாராம் என்று பக்கத்து ஊரிலும் கதை போயிருக்கிறது. மதாம் ஓதில் வாசலில் நின்று தலை எண்ணினார். எண்ண எண்ண அவருடைய முகம் சிவந்தது. எழுபத்தொன்று.

குசினிக் கதவால் எட்டிப் பார்த்தேன். எட்டித்தான் பார்த்தேன். இவர் கோழிக்கால் தட்டுக்கு முன்னால் நின்று விரலால் எண்ணிக்கொண்டிருந்தார், எண்ணினால் கூடும் என்பது போல. நெற்றியில் வியர்வை. ஒரு தட்டு ஒரு தட்டாக, கேட்கக் கேட்கச் செய்து கொடுத்துப் பழகிய மனிசன். எழுபது பேர் ஒரே நேரத்தில் பசியோடு கதிரையில் இருந்தால் என்ன செய்வது என்று இவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். எனக்கு அது தினமும் பதினொன்றே முக்காலுக்கு நடக்கிறது.

கைப்பையைக் கொளுவிவிட்டு உள்ளே போனேன். "ஏப்ரன் எங்க?"

முதலில் வெளியே வந்து சனத்தைப் பார்த்துக் கேட்டேன்: "உங்களில் யாருடைய தோட்டத்தில் கூர்ஜெட் இருக்கிறது?" பச்சை வெள்ளரிக்காய் மாதிரி இருக்கிற அந்தக் காய் ஆகஸ்டில் இங்கே காய்த்துக் கொட்டும்; அயலவருக்குக் கொடுக்கப் போனால் அயலவரும் கொடுக்க வருவார். எழுபத்தொரு பேரும் கையைத் தூக்கினார்கள். பெரிய சிரிப்பு. பத்து நிமிசத்தில் மேசை நிறைந்துவிட்டது. சிலது குழந்தைப் பிள்ளை அளவு. முட்டையும் வந்தது, ஆட்டுப்பால் சீஸும் வந்தது. வந்தவர்களிடமே கத்தியைக் கொடுத்து வெட்டப் போட்டேன்.

பிறகு கோழிக்கு வந்தேன். "எலும்பில இருந்து இறைச்சியை எடுங்கோ. பிய்ச்சு, அந்தச் சோசுக்குள்ள போட்டு, கூர்ஜெட்டுக்கு மேல பரவி, சீஸைத் தூவி ஓவனுக்குள்ள தள்ளுவம்."

இவர் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "விசரோ? ரெஸ்டோரண்டில கால் காலாத்தான் போகவேணும்!"

"எழுபத்தொரு பேர், நாற்பத்தைஞ்சு கால். மிச்சப் பேருக்கு என்ர காலை வெட்டியோ வைக்கப் போறீங்கள்?"

என்னைப் பார்த்தார். தட்டை மெதுவாய் மேசையில் வைத்தார். பிறகு சிரித்தார். அதன் பிறகு இவர் வேலை செய்ததை எழுத எனக்குச் சொல் போதாது. கத்தி கண்ணுக்குத் தெரியவில்லை. சோசை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, இன்னும் ஒரு துளி கடுகு. பாடவும் செய்தார், தாளம் தப்பாமல். நான் நேரத்தைச் சொன்னேன், இவர் ருசியைச் சொன்னார். "சுகிர்தா, ஓவன்!" "ஆறு நிமிசம்!" "தட்டு!" "வரிசையா வைச்சிருக்கு!" ஒருவரை ஒருவர் ஒருதரமும் இடிக்கவில்லை. அந்தச் சின்னக் குசினிக்குள், அவ்வளவு அவசரத்தில்.

பன்னிரண்டரைக்கு முதல் தட்டு போனது. ஒரு மணி ஐந்துக்குக் கடைசித் தட்டு. தட்டுகள் திரும்பி வந்தபோது பாணால் வழித்துத் துடைத்திருந்தார்கள்.

கடைசியில் குசினித் தரையிலேயே இருந்து, ஒரு கிண்ணத்தில் மிஞ்சியதை இரண்டு கரண்டியால் சாப்பிட்டோம். இவருடைய சமையலை நான் சாப்பிட்டதே இல்லை. லீவு நாளில் இவர் அடுப்படிக்கு வரமாட்டார். பெட்டிக்குள் நான் வைத்ததைச் சூடாக்கித்தான் சாப்பிடுவார். மிகவும் நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. உப்புச் சரி என்றேன்.

மூன்று மணிக்கு மதாம் ஓதில் வந்தார். எல்லோருக்கும் சம்மதம் என்றார். சம்பிரதாயத்துக்கு நகரசபை ஞாயிறு கூடும். "வாரத்தில் ஆறு நாள், மத்தியானமும் இரவும். கோடை இரவில் சதுக்கத்தில் மேசை போட்டால் ஊருக்கு உயிர் வரும்."

இவர் வாயைத் திறக்க முன்னம் நான் சொன்னேன்: "மத்தியானம் மட்டும். இரவில் திறக்க மாட்டோம்."

"மதாம், இரவுதானே எங்களுக்கு முக்கியம்?"

"எங்களுக்கும் அதுதான் முக்கியம்" என்றேன்.

அவர் இவர் பக்கம் திரும்பினார். இவர் கையைத் துடைத்துக்கொண்டு, "மதாம் சொன்னதுதான்" என்றார்.

கேட்டுப் பார்க்கிறேன் என்றுவிட்டுப் போனார் மேயர். நான் சம்மதம் சொன்னேனா? சொல்லவில்லை. நேரம் மட்டும்தான் கதைத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி
க்ளுனி

பழைய ரெயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். காரும் இல்லை, ஏற்றமும் இல்லை. முழுநாளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
மக்கோன், ரெயில் நிலையம்

க்ளுனியை விட்டு வெளிக்கிட்டதும் மலையைக் குடைந்து போகிற ஒரு சுரங்கம். பழைய ரெயில் சுரங்கம், ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல். வெளியே கொதிக்கிறது, உள்ளே மார்கழிக் குளிர். சின்ன வெளிச்சங்கள், சுவரில் ஈரம். இறங்கி நடந்தோம். இவர் சொன்னது சுவரில் பட்டு இரண்டு தரம் கேட்டது.

"போன வருசம் ஒருநாள் வேலையால வந்து பாக்கிறன், உமக்கு முன் மயிர் நரைச்சிருக்கு. எப்ப நரைச்சது எண்டு எனக்குத் தெரியேல்ல. ஒரே வீட்டில இருக்கிறன், தெரியேல்ல. அண்டைக்குத்தான் நினைச்சன், இந்த வேலையை விடவேணும் எண்டு."

"எனக்கு நரைச்சு ஆறு வருசம்" என்றேன். "மை பூசுறனான். அண்டைக்குப் பூச மறந்திருப்பன்."

சுரங்கம் முழுக்க இவருடைய சிரிப்பு.

வெளியே வந்த வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாங்கில் இருந்து ஆரணிக்குப் போன் எடுத்தேன். துலூசுக்கு வரவில்லை, முதியோர் இல்லத்துக்கு இன்றைக்கே பதில் அனுப்புகிறேன் என்றேன். "அம்மா, நான் கோவிக்கேல்ல. மாசியில நீங்கள் போனில அப்படி அழுதபடியால்தான் அந்த வேலையைத் தேடினனான்" என்றாள்.

நான் அழவில்லை. தடிமன். மாசியில் எல்லோருக்கும் தடிமன்தான்.

"அப்பாவோட இருந்து என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்டாள். "தெரியேல்ல. பழகிப் பாக்கிறன்" என்றேன்.

மக்கோனுக்கு வந்து ஆற்றங்கரையில் இருந்தபோது மதாம் ஓதிலின் அழைப்பு. நகரசபை மத்தியானத்துக்குச் சம்மதித்துவிட்டது. ஆனால் வெள்ளி இரவு மட்டுமாவது?

"இல்லை மதாம்."

"அறுவடை முடிகிற நாள் இரவு? ஊரே கூடிச் சாப்பிடும்."

இவரைப் பார்த்தேன். தலையை ஆட்டினார். "அது ஓம்."

"ஜூலை பதினாலு, தேசிய நாள் இரவு?"

"அதுவும் ஓம். வருசத்துக்கு இரண்டு இரவு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு, பிறகு ஒரு சிரிப்பு. "மார்ச் மாதம் திறப்போம்" என்றார்.

எங்கள் ரெயில் இரண்டு ஐம்பதுக்கு. ஒன்றரைக்கே நிலையத்துக்கு வந்து, சைக்கிள் இரண்டையும் தூணில் சாய்த்துவிட்டு, முதல் நாள் என்ன சமைப்பது என்று கதைக்கத் தொடங்கினோம். மார்ச் என்றால் இன்னும் குளிர், சூப்பில்தான் தொடங்க வேண்டும் என்றேன் நான். சூப் ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்றார் இவர். என்ர கன்டீனில் பிள்ளைகள் இரண்டாம் தரம் கேட்டுக் குடிக்கிற சூப் என்றேன். பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்றார். உங்களுக்கு என்ன தெரியும், எழுபது பேரைக் கண்டு நடுங்கின மனிசன் என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பித் தள்ளிப் போய் இருந்தார்கள். லீக்ஸ் சூப்பா, கரட் சூப்பா, சூப்பே வேண்டாமா என்று இழுபட்டு, லீக்ஸ் சூப்தான் என்ற முடிவுக்கு வந்து நிமிர்ந்தபோது மூன்று மணி ஐந்து. ரெயில் எங்களுக்கு முன்னாலேயே வந்து, நின்று, போயிருக்கிறது. இரண்டு பேருமே அதைக் காணவில்லை.

அடுத்தது ஐந்து மணிக்கு. இவர் இப்போது லீக்ஸ் வேண்டாம் என்கிறார். கொப்பியை மூடுகிறேன், இதற்கு வாயால்தான் பதில் சொல்ல வேண்டும்.